கை வீக்கத்துக்கு லேசர்: முதலில் டேப், பிறகு லைட்

இலவம்பாடியிலிருந்து வந்த அந்த அக்காவின் இடது கையில் ஆறு கண்ணாடி வளையல். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் (கதிர் சிகிச்சை) எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கை வீங்கி, வளையல்கள் மணிக்கட்டில் புதைந்து கிடந்தன. சோப்பு நுரை போட்டும் இறங்கவில்லை. கடைசியில் ஈரத்துணியைச் சுற்றி, கொறடால் ஒவ்வொன்றாக நெரித்து எடுத்தேன். "வீட்டுக்காரரு நல்லா இருக்கும்போதே வளையல ஒடைக்க வேண்டியதாப் பூடுச்சே மேடம்" என்று அழுதார். வளையல் இருந்த இடத்தில் ஆறு பள்ளம். அரை மணி நேரம் கழித்தும் அவை மேலே எழும்பவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "லேசர் வெச்சா சரியாயிடுமாமே, எம் புள்ள போன்ல பார்த்தான். நெசமா?"

வேலூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி வாரம் ஒரு முறையாவது வருகிறது. அதற்கான பதில் ஒரு வரியில் அடங்காது. லேசர் உதவும், ஆனால் சரியான கைக்கு, சரியான நேரத்தில், பேண்டேஜ் கட்டோடு சேர்த்து வைத்தால்தான் உதவும். உதவியதா என்று உங்கள் கண் சொல்லாது, இஞ்ச் டேப்தான் சொல்லும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

கை ஏன் வீங்குகிறது

ரத்தக் குழாயிலிருந்து திசுக்களுக்குள் கசிகிற நீரில் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சி, அக்குளில் உள்ள நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) வழியாக மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை அகற்றவும் அந்த நெறிகளை எடுக்கிறார்கள். கரண்ட் வைக்கும்போது மிச்சமிருக்கும் வழியும் தழும்பாகிச் சுருங்குகிறது. வாய்க்காலை அடைத்தால் வயலில் நீர் தேங்குவதுபோல் கையில் அந்த நீர், அதாவது நிணநீர், தேங்குகிறது. இதற்குப் பெயர் நிணநீர் வீக்கம். அந்த நீரில் புரதம் உண்டு. அதனால் நாள்பட நாள்படத் திசு தடித்து, கல்போல் இறுகுகிறது.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருவதாக 2013இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அக்குள் நெறிகளை முழுக்க எடுத்தவர்களுக்கு ஆபத்து அதிகம். புற்று முதலில் எட்டக்கூடிய காவல் நெறியை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு வெகுவாகக் குறைவு. அறுவை முடிந்த ஆறாவது மாதத்திலும் வரலாம், ஆறாவது வருடத்திலும் வரலாம். உடம்பு எடை கூடக்கூட ஆபத்தும் கூடும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. யானைக்கால் நோயைத் தலைமுறையாகப் பார்த்த ஊர் இது. கை வீங்கியதும் அக்கம்பக்கத்தில், "இது யானைக்கால் மாதிரி, ஒட்டிக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். யானைக்கால் கொசு வழியாகப் பரவும் புழுவால் வருவது. இது அறுவையாலும் கரண்டாலும் வருவது, யாருக்கும் ஒட்டாது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதை வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

எது லேசர், எது இல்லை

"மறுபடியும் கரண்ட்டா மேடம்?" என்று பயப்படுகிறவர்கள் பலர். இல்லை. கதிர் சிகிச்சை செல்லின் மரபணுவை உடைக்கிற கதிர். இது வெறும் ஒளி. இந்த வீக்கத்துக்கு அதிகம் ஆராயப்பட்டது 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்கே தெரியாது. குறைந்த சக்தி லேசர், லோ லெவல் லேசர், ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் இதுதான்.

இதன் தொடக்கம் ஓர் எலியின் முதுகு. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், சுண்டெலிகளின் முடியை மழித்து லேசர் பாய்ச்சினார். புற்று வருகிறதா என்று பார்ப்பதே நோக்கம். புற்று வரவில்லை, முடி வேகமாக வளர்ந்தது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை வாங்கிக்கொண்டு சுறுசுறுப்பாகிறது என்பது பிற்பாடு வந்த விளக்கம். கை வீக்கத்தில் இது தழும்பை இளக்கி, நிணநீர்க் குழாய்களின் ஓட்டத்துக்கு உதவுவதாகக் கருதுகிறார்கள்.

2003இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுதான் இன்றைக்கும் அடிப்படை. யாருக்கு நிஜ லேசர், யாருக்குப் பொய் லேசர் என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. இரண்டு சுற்று நிஜ லேசர் வாங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு, 2–3 மாதம் கழித்து 200 மில்லிக்கு மேல் வீக்கம் குறைந்திருந்தது. முடிந்த உடனே அளந்தபோது சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2006 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகைக் கருவியொன்றை மார்பக அறுவைக்குப் பிந்தைய கை வீக்கத்துக்கு அனுமதித்தது.

இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். மூன்றில் ஒருவருக்கு என்றால் மூன்றில் இருவருக்கு அந்த அளவு குறையவில்லை. பலன் தாமதமாகத்தான் வருகிறது. மூன்றாவது நாளே "கை இளைச்சிடுச்சு" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

சந்தையில் விற்கிற சிவப்பு விளக்குப் பெட்டியும் முடி நீக்கும் லேசரும் இதற்கு ஆகாது. மூட்டுவலிக்கு வைக்கிற, சக்தி அதிகமான நான்காம் வகுப்பு லேசர் சூடு தருவது. அதில்தான் எனக்குப் பெரிய கவலை. அக்குள் அறுவையில் மேல்கையின் உள்பக்கத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பு பலருக்கு வெட்டுப்படும். அந்த இடம் மரத்துக் கிடக்கும், சுட்டாலும் தெரியாது. ஓர் இடத்தில் சூடான லேசர் வைத்துக்கொண்டு, மறுநாள் மேல்கையின் உள்பக்கத்தில் கொப்புளத்தோடு என்னிடம் வந்தார் ஒரு அம்மா. "சுடுதான்னு கேட்டாங்க, இல்லன்னு சொன்னேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

முதலில் புற்றுநோய் மருத்துவர்

பிசியோவிடம் வருவதற்கு முன் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. வீக்கம் மெதுவாக, வலியில்லாமல் வந்தால் பெரும்பாலும் நிணநீர் வீக்கம். ஒரே வாரத்தில் திடீரென்று வீங்கினாலும், விரல் பலமிழந்தாலும், தோள் வரை வலித்தாலும், அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ கட்டி தட்டுப்பட்டாலும் புற்று திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கை நீலம்பாரித்து வீங்கினால் ரத்தக்குழாயில் உறைவு இருக்கலாம், டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். இந்த இரண்டும் இல்லை என்று உறுதியாகாமல் லேசரும் வேண்டாம், கட்டும் வேண்டாம்.

கடைசியாக எடுத்த மேமோகிராம், டிஸ்சார்ஜ் சம்மரி, "லேசர் வைக்கலாம்" என்ற மருத்துவரின் கையெழுத்து, இந்த மூன்றையும் கேட்டுத்தான் நான் தொடங்குவேன். புற்று இருக்கும் இடத்தின் மேல் லேசர் பாய்ச்சக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் விதி. டாக்ஸிசைக்ளின் போன்ற, வெளிச்சத்தில் தோலைப் புண்ணாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே போவது? புற்றுநோய்ப் பிரிவில் கேட்டால் பெரும்பாலும் உடலியக்க மறுவாழ்வுத் துறைக்கு அனுப்புவார்கள். இந்தத் துறைக்கு நம் ஊரில் வேர் ஆழம். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கி நடத்தினார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிசியோ பிரிவைக் கேட்கலாம். லேசர் இருக்கிறதா என்று விசாரிக்கும்போது, "அலைநீளம் எத்தனை, எந்த வகுப்பு, ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல்" என்று கேளுங்கள். ஜூல் என்பது பாய்ச்சும் ஒளியின் ஆற்றல் அளவு. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கையைக் கொடுங்கள்.

டேப்: இதுதான் வழிகாட்டியின் நடுநாயகம்

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும், சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும், புதியது வாங்குங்கள்.

கையை மேசைமேல் நீட்டி வையுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்புதான் பூஜ்யம். அங்கிருந்து மேலே 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பேனாவால் வைத்துக்கொண்டே அக்குள் வரை போங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் டேப்பைச் சுற்றி அளவு எடுத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு கையையும் அளங்கள். நல்ல கைதான் உங்கள் ஒப்பீடு. மாலையில் வீக்கம் கூடும் என்பதால் எப்போதும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆளே அளக்க வேண்டும். நம் வீடுகளில் எட்டாவது படிக்கிற பெண்பிள்ளை இதை அழகாகச் செய்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடுத்தடுத்த இரண்டு புள்ளியில் நல்ல கை 20, 22 சென்டிமீட்டர். அந்தத் துண்டின் கொள்ளளவு: 20×20, 20×22, 22×22 மூன்றையும் கூட்டினால் 1324. அதை 4ஆல் (புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்) பெருக்கி 37.7ஆல் (இது மாறாத எண்) வகுத்தால் சுமார் 140 மில்லி. வீங்கிய கையில் அதே இடம் 22, 24 என்றால் சுமார் 168 மில்லி. வெறும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு சிறு துண்டிலேயே 28 மில்லி. பத்துத் துண்டுக்கு 280. கிட்டத்தட்ட மூன்று டீ கிளாஸ் தண்ணீரை அந்தக் கை இரவும் பகலும் சுமக்கிறது. "கை கனமா இருக்குது" என்று அவர்கள் சொல்வது பிரமை அல்ல.

எந்தப் புள்ளியிலாவது 2 சென்டிமீட்டர், அல்லது மொத்தத்தில் 200 மில்லி, அல்லது பத்து சதவீதம் கூடினால் வீக்கம் என்று எழுதுவது வழக்கம். கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து, இரவு தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிகிறதென்றால் முதல் நிலை. தூக்கி வைத்தும் வடியாவிட்டால் இரண்டாம் நிலை. குழியே விழாத அளவு இறுகிவிட்டால் அதிலும் முற்றியது.

லேசருக்கு முன் கட்டு

உலகம் முழுக்க இந்த வீக்கத்துக்கு முதல் சிகிச்சை நான்கு சேர்ந்தது: தோல் பராமரிப்பு, மென்மையான நிணநீர் உருவல், பல அடுக்குக் கட்டு, பயிற்சி. இதைத் தினமும் 2 முதல் 4 வாரம் செய்து கையை இளைக்க வைத்து, பிறகு அளவெடுத்த ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் மீள் உறை) போட்டுத் தக்க வைப்பார்கள்.

நிணநீர் உருவல் என்பது நம் ஊரில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுகிற உருவல் அல்ல. குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அழுத்தம்தான். முதலில் கழுத்து, நல்ல பக்கத்து அக்குள் ஆகியவற்றைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் வீங்கிய கைக்கு வர வேண்டும். அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. நீர் பிரியும் மாத்திரை இந்த வீக்கத்துக்கு உதவாது. தண்ணீர் போனாலும் புரதம் கையிலேயே தங்கிவிடும்.

கட்டுக்குக் கடையில் விற்கிற க்ரேப் பேண்டேஜ் வேண்டாம். குறைவாக இழுபடும் பேண்டேஜ்தான் தேவை, "ஷார்ட் ஸ்ட்ரெச்" என்று கேளுங்கள். விரலிலிருந்து தொடங்கி மேலே போகப் போக அழுத்தம் குறைய வேண்டும்.

2013இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு லேசர், ஒரு குழுவுக்கு உருவல், ஒரு குழுவுக்கு இரண்டும். மூன்று குழுவுக்கும் கட்டு உண்டு. மூன்றிலும் கை ஏறக்குறைய ஒரேபோல் இளைத்தது. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: கட்டு இருந்தால், ஒரு மணி நேர உருவலுக்கு நேரமில்லாதவருக்கு இருபது நிமிட லேசர் கைகொடுக்கலாம். கட்டு இல்லாத வெறும் லேசரை நான் யாருக்கும் சொல்வதில்லை.

லேசர் வைக்கும் நாள்

அன்றைக்குக் கைக்கும் அக்குளுக்கும் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரம், மந்திரித்த கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். தளர்வான கைவைத்த நைட்டியோ, முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கையோ வசதி.

படுக்க வைத்துக் கையை ஒதுக்கி, அக்குளில் புள்ளிகள் குறிப்போம். ஆஸ்திரேலிய ஆய்வில் அக்குளில் 17 புள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.5 ஜூல். சிலர் அறுவைத் தழும்பிலும் முழங்கை உள்மடிப்பிலும் சேர்த்து வைப்பார்கள். நுனியைத் தோலில் செங்குத்தாக ஒட்டி வைக்க வேண்டும், தள்ளிப் பிடித்தால் ஒளி சிதறும். வைப்பவர், நீங்கள், துணைக்கு வந்தவர் எல்லாரும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போட வேண்டும். வெயிலுக்குப் போடும் கருப்புக் கண்ணாடி ஆகாது.

வலி இருக்காது, சூடு இருக்காது, வெளிச்சமும் தெரியாது. "ஒண்ணுமே செய்யலயே" என்று தோன்றும். அதுதான் சரி. சுர்ரென்று இருந்தால் உடனே சொல்லுங்கள். மரத்த இடத்தில் வைக்கும்போது வைப்பவர் நிறுத்தி நிறுத்தித் தோலைப் பார்க்க வேண்டும். முடிந்த கையோடு கட்டு போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கில் தொடங்கினால் பொங்கலில் தெரியும்

ஒரு சுற்று என்பது வாரம் மூன்று முறை, மூன்று வாரம். பிறகு 8 வாரம் இடைவெளி. பிறகு இன்னொரு சுற்று. ஆக மொத்தம் 18 முறை, 14 வாரம். அதற்குப் பிறகு 2–3 மாதம் கழித்துத்தான் பலன் தெரியும். ஆடிப் பதினெட்டில் முதல் முறை வைத்தால் ஐப்பசியில் இரண்டாம் சுற்று முடியும். உண்மையான அளவைப் பொங்கலை ஒட்டித்தான் எடுக்க முடியும்.

இதை முதல் நாளே வீட்டுக்காரரையும் மாமியாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. பீடி சுற்றுகிறவரோ ஷூ கம்பெனிக்குப் போகிறவரோ முதல் சுற்றில் மாற்றம் தெரியாமல் நின்றுவிட்டால், கட்டிய பணமும் இழந்த கூலியும் வீண். ஆய்வில் ஒரு சுற்று போதவில்லை, இரண்டாவதுக்குப் பிறகுதான் பலன் வந்தது. இரண்டையும் முடிக்க முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

ஆடியைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலூரின் சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு அடுக்குக் கட்டோடு இருப்பது பெரும் வேதனை, பாதியில் அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் வீக்கம் புதிது என்றால் பருவம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். இளகிய கை இறுகிவிட்டால் எந்தச் சிகிச்சைக்கும் கடினம்.

வீட்டில்

இலவம்பாடி அக்காவின் நிலத்தில் முள்ளுக் கத்தரி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய்தான். ருசிக்குப் பெயர்போனது, காம்பு முழுக்க முள். வீங்கிய கையில் ஒரு முள் குத்தினால், தேங்கிய நீரில் கிருமி புகுந்து ஒரே இரவில் கை சிவந்து பழுக்கும். காய் பறிப்பதை நிறுத்தச் சொன்னால் அவர் குடும்பம் என்ன சாப்பிடும்? அதனால் தடித்த தோல் கையுறை, முழுக்கை சட்டை, நல்ல கையால் பறித்து வீங்கிய கையால் கூடை பிடிப்பது என்று வழி செய்தோம். ஆடு மாடு வைத்திருப்பவர்கள், மிக்சி, அரிவாள்மனை பிடிப்பவர்கள் எல்லாருக்கும் இதே கவனம் வேண்டும். தினமும் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, தேங்காயெண்ணெய் லேசாகத் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். ரத்தம் எடுக்கவும் பிரஷர் பார்க்கவும் நல்ல கையைக் கொடுங்கள்.

"கனம் தூக்கவே கூடாதுன்னு சொன்னாங்க" என்று கையை மடியிலேயே வைத்திருக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடும். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கை வீக்கமுள்ள பெண்கள் ஸ்லீவ் போட்டுக்கொண்டு, கண்காணிப்போடு, வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. திடீர் திடீரென்று மோசமாவது குறைந்தது. முதல் நாளே தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கச் சொல்லவில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தசை சுருங்கி விரியும்போதுதான் நிணநீர் மேலே ஏறும். நேரில் வர முடியாதவர்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோவைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் தேவை, ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். அது ஆறும்வரை லேசர் வைக்கக் கூடாது.

எப்போது நிறுத்துவது

இரண்டு சுற்றும் முடிந்து மூன்றாவது மாதம் நோட்டைத் திறந்து, முதல் நாள் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே வையுங்கள். அந்த அக்காவுக்கு மணிக்கட்டுக்கு மேல் எட்டாவது சென்டிமீட்டரில் 26.5 இருந்தது, பொங்கலுக்கு 25 ஆகியிருந்தது. நல்ல கை 23. முழுக்க வடியவில்லை, வடியும் என்று நான் சொல்லவும் இல்லை. அழுத்தினால் கல்லாக இருந்த இடம் சப்பாத்தி மாவுபோல் இளகியிருந்தது. வளையலை இப்போது வலது கையில் மட்டும் போடுகிறார்.

உங்கள் நோட்டில் அளவும் மாறவில்லை, இறுக்கமும் இளகவில்லை என்றால் மூன்றாவது சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் அளவெடுத்து இரண்டு ஸ்லீவ் வாங்குங்கள். ஒன்று கையில், ஒன்று கொடியில், பிழியாமல் நிழலில் காயட்டும். ஆறு மாதத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும். மாற்றும்போது மறுபடி டேப்பை எடுத்து அளந்துவிட்டே புதியதை வாங்குங்கள்.